பிறவிச் சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு எந்தப் பரிசோதனை, எப்போது, எந்த வரிசையில்: முழுமையான வழிகாட்டி

கர்ப்பகால ஸ்கேனில் "சிறுநீரகம் விரிந்திருக்கிறது" என்று எழுதப்பட்ட குழந்தை. ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தை. ஒழுங்காகச் சிறுநீர் கழித்தும் எந்நேரமும் உள்ளாடை ஈரமாகவே இருக்கும் சிறுமி. மூவருக்கும் சிக்கல் சிறுநீர்ப் பாதையில்தான். ஆனால் தேவைப்படும் பரிசோதனைகள் வேறு, அவற்றின் வரிசையும் வேறு.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் மருத்துவர்களும் ரேடியோகிராஃபர்களும் செவிலியர்களும் படத்தை வாசிப்பதில் தடுமாறுவதைவிட, அதற்கு முந்தைய படிகளில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சரியான பரிசோதனையைத் தவறான நாளில் செய்துவிடுகிறார்கள். தாகத்தோடு இருக்கும் குழந்தையை மேசையில் படுக்க வைக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா, காலியாக இருந்ததா என்று எழுத மறக்கிறார்கள். அப்படிக் கிடைத்த முடிவு பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் நம்ப முடியாது.

கீழே பயன்படுத்தியிருக்கும் சில சொற்கள்: சிறுநீரகத்தின் நடுவில் சிறுநீர் சேரும் அறை பெல்விஸ், அதற்குள் திறக்கும் சிறு கிண்ணங்கள் கேலிக்ஸ். அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் யூரேட்டர். பையிலிருந்து வெளியே போகும் பாதை யூரித்ரா. பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்பி ஏறுவது ரிஃப்ளக்ஸ்.

பெற்றோரும் இதைப் படிக்கலாம். ஆனால் உங்கள் குழந்தைக்கு எது தேவை என்ற முடிவு, குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவருடையது.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

பரிசோதனைச் சீட்டில் "சிறுநீரகக் கோளாறு, பார்க்கவும்" என்று எழுதி அனுப்பாதீர்கள். இந்தத் துறையில் எந்த ஒரு பரிசோதனையும் எல்லாவற்றையும் சொல்லாது. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கே நன்றாகப் பதில் சொல்லும்.

அமைப்பு எப்படி இருக்கிறது, விரிவு எவ்வளவு என்பதற்கு அல்ட்ராசவுண்ட். சிறுநீர் மேலே ஏறுகிறதா, யூரித்ராவில் அடைப்பு உண்டா என்பதற்கு எம்சியூ, அதாவது கான்ட்ராஸ்டால் (படத்தில் தெரியும் திரவம்) பையை நிரப்பி, கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே. சிறுநீரகத் திசுவில் எவ்வளவு வேலை செய்கிறது, தழும்பு உண்டா என்பதற்குக் கதிரியக்க மருந்து ஊசி போட்டு எடுக்கும் டிஎம்எஸ்ஏ ஸ்கேன். விரிந்த சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் வடிகிறதா என்பதற்கு, கதிரியக்க மருந்தோடு சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கொடுத்துப் பார்க்கும் டையூரெடிக் ரீனோகிராம். இவற்றுக்குப் பிறகும் அமைப்பு புரியாவிட்டால் எம்ஆர் யூரோகிராம்.

கேள்வியை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால், பரிசோதனைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கதிர்வீச்சோ, பைக்குள் செலுத்தும் கதீட்டர் குழாயோ, மயக்க மருந்தோ தேவைப்படும் பரிசோதனைக்கு இது கட்டாயம். பதில் எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் அந்தக் குழந்தையை வருத்துவதில் பொருளில்லை.

2. மேசைக்கு வருமுன் கையில் இருக்க வேண்டியவை

கர்ப்பகால ஸ்கேன் அறிக்கைகள் எல்லாமே வேண்டும். கடைசி அறிக்கை மட்டும் போதாது. விரிவு கூடிக்கொண்டே வந்ததா, குறைந்ததா, பனிக்குட நீர் எப்போது குறைந்தது என்பதெல்லாம் வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

குழந்தையின் எடை, உயரம், ரத்த அழுத்தம். எடை இல்லாமல் கான்ட்ராஸ்டின் அளவையோ கதிரியக்க மருந்தின் அளவையோ கணக்கிட முடியாது. உயரம் இல்லாமல் சிறுநீரகத்தின் நீளம் அந்தக் குழந்தைக்குப் பொருத்தமா என்று சொல்ல முடியாது.

சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின். பிறந்த முதல் ஓரிரு நாட்களில் எடுக்கும் கிரியேட்டினின் பெரும்பாலும் தாயின் அளவையே காட்டும். அதை வைத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றோ கெட்டுவிட்டது என்றோ முடிவு கட்ட வேண்டாம்.

முதுகின் கீழ்ப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே முடிக்கற்றை, குழி, கட்டி ஏதேனும் இருந்தால் நரம்புக் கோளாறால் சிறுநீர்ப்பை பாதிக்கப்பட்டிருக்கலாம். முதல் சில மாதங்களில் முதுகெலும்பு முழுதாக இறுகியிருக்காது. அதனால் தண்டுவடத்தையும் அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் பிறகு எம்ஆர்ஐதான் வழி. முதுகுத்தண்டில் பிறவிப் பிளவு உள்ள குழந்தைகளுக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் லேட்டக்ஸ் இல்லாத கையுறையும் கதீட்டரும் எடுத்து வையுங்கள்.

ஆண் குழந்தை என்றால் சிறுநீர் எப்படிப் போகிறது என்று தாயிடம் கேளுங்கள். பீய்ச்சி அடிக்கிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்து வரும் எல்லா முடிவுகளையும் இந்தப் பதில் மாற்றக்கூடும்.

3. கர்ப்பகால அறிக்கையை அளவோடு வாசியுங்கள்

பெல்விஸின் முன்பின் விட்டம்தான் முக்கிய அளவு. 16 முதல் 27 வாரம் வரை 4 மி.மீ.க்குக் குறைவாகவும், 28 வாரத்துக்குப் பிறகு 7 மி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் இயல்பு. பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு 10 மி.மீ.க்குக் குறைவு இயல்பு.

2014இல் பல துறைகள் சேர்ந்து வகுத்த யுடிடி (சிறுநீர்ப் பாதை விரிவு) வகைப்பாடு இந்த விட்டத்தை மட்டும் பார்க்காது. கேலிக்ஸ் விரிந்திருக்கிறதா, திசு மெலிந்திருக்கிறதா, யூரேட்டர் தெரிகிறதா, சிறுநீர்ப்பை எப்படி, பனிக்குட நீர் குறைவா என்று சேர்த்தே பார்க்கும். பிறப்புக்கு முன் இரண்டு நிலை: ஏ1, ஏ2-3. பிறந்த பின் மூன்று நிலை: பி1, பி2, பி3. பழைய அறிக்கைகளில் எஸ்எஃப்யு என்ற அமைப்பின் வகைப்பாட்டின் 0 முதல் 4 வரையிலான எண்கள் இருக்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கணக்கிடாதீர்கள். அளவையும் விவரத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

"லேசான விரிவு" என்ற சொல்லைக் கண்டு பெற்றோர் தூக்கம் இழப்பது உண்டு. கர்ப்பத்தில் காணப்படும் லேசான விரிவுகளில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

4. பிறந்த பின் முதல் அல்ட்ராசவுண்டுக்கு நாள் குறிப்பது

அதிகம் நடக்கும் பிழை இந்தப் படியில்தான். குழந்தை பிறந்த மறுநாள், வீட்டுக்கு அனுப்பும் முன் "ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம்" என்று அவசரப்படுகிறார்கள். முதல் 48 மணி நேரத்தில் குழந்தையின் உடலில் நீர் குறைவு, சிறுநீரகம் வடிகட்டும் அளவும் குறைவு. சிறுநீர் குறைவாக உற்பத்தியாவதால் உண்மையான அடைப்பு இருந்தாலும் பெல்விஸ் சுருங்கித் தெரியும். "இயல்பு" என்ற அறிக்கையோடு குடும்பம் வீட்டுக்குப் போய்விடும். பிறகு திரும்பி வராது.

ஆகவே 48 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் வாரத்தின் கடைசியில் செய்யுங்கள். அது இயல்பாக வந்தாலும் 4 முதல் 6 வாரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டும் இயல்பு என்றால்தான் நிம்மதி.

காத்திருக்கக் கூடாத குழந்தைகளும் உண்டு. பனிக்குட நீர் குறைந்திருந்தால், ஆண் குழந்தைக்கு இருபுறமும் விரிவும் தடித்த சிறுநீர்ப்பையும் இருந்தால், ஒற்றைச் சிறுநீரகம் விரிந்திருந்தால், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றால், உடனே பாருங்கள். இங்கே நாம் தேடுவது யூரித்ராவின் பின்பகுதியில் தடுப்பு போல நிற்கும் வால்வு. அதற்கு 48 மணி விதி பொருந்தாது. படம் எடுப்பதற்கு முன்பே கதீட்டர் போட்டுச் சிறுநீரை வடியவிட வேண்டிய நிலையும் வரலாம்.

5. அல்ட்ராசவுண்ட் செய்யும் வரிசை

வெறும் வயிறு தேவையில்லை. பால் குடித்து அரை மணி நேரம் ஆன குழந்தைதான் வேண்டும். நீர்ச்சத்து இருக்கும், அழாமலும் இருக்கும். ஜெல்லைச் சூடாக்கி வையுங்கள்.

சிறுநீர்ப்பையை முதலில் பாருங்கள். குளிர்ந்த ஜெல்லோ புரோபின் அழுத்தமோ பட்டவுடன் கைக்குழந்தை சிறுநீர் கழித்துவிடும். சிறுநீரகத்தை முதலில் அளந்துவிட்டு வந்தால் இங்கே காலிப் பைதான் மிஞ்சும். நிறைந்த பையில் சுவரின் தடிமன் 3 மி.மீ.க்கு மேலும், காலிப் பையில் 5 மி.மீ.க்கு மேலும் இருந்தால் தடிப்பு என்று கொள்ளலாம். நிறைந்திருந்ததா என்பதை எழுதாமல் தடிமனை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

அப்படியே பைக்குப் பின்னால் பாருங்கள். இயல்பான யூரேட்டர் அங்கே கண்ணில் படாது. 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெரிந்தால் அது விரிந்த யூரேட்டர். பைக்குள் மெல்லிய சுவர் கொண்ட குமிழ் தெரிந்தால் யூரேட்டரோசீல், அதாவது யூரேட்டரின் உப்பிய முனை. பை அளவுக்கு மீறி நிறைந்தால் இந்தக் குமிழ் அமுங்கி மறைந்துவிடும். பாதி நிறைந்த நிலையில் ஒரு முறையாவது தேடுங்கள். ஆண் குழந்தையில் பையின் அடியிலிருந்து இறங்கும் யூரித்ராவின் பின்பகுதி விரிந்து, பையும் அதுவும் சேர்ந்து சாவித்துளை வடிவில் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து சிறுநீரகங்கள். ஒவ்வொன்றின் நீளம், திசுவின் தடிமன், எக்கோவின் பிரகாசம், கேலிக்ஸ், கட்டிகள். பெல்விஸின் முன்பின் விட்டத்தைக் குறுக்குவெட்டுப் படத்தில், சிறுநீரகத்தின் விளிம்புக்கு உட்பட்ட இடத்தில் அளவிட வேண்டும். சிறுநீரகத்துக்கு வெளியே பிதுங்கி நிற்கும் பெல்விஸை அளந்தால் எண் பெரிதாக வரும், எல்லோரும் தேவையில்லாமல் பயப்படுவார்கள். குழந்தை மல்லாந்திருந்ததா, குப்புறப் படுத்திருந்ததா என்பதையும் குறியுங்கள். அடுத்த முறையும் அதே நிலையில் அளந்தால்தான் ஒப்பிடலாம்.

கடைசியில், குழந்தை சிறுநீர் கழித்த பிறகு மீண்டும் சிறுநீரகத்துக்கு வாருங்கள். பை நிறைந்திருக்கும்போது மட்டும் தெரியும் விரிவு, பை காலியானதும் குறைந்துவிடலாம். கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் அளந்துவிடுங்கள்.

6. படத்தில் ஏமாற்றும் இடங்கள்

பச்சிளம் குழந்தையின் சிறுநீரகம் பெரியவர்களின் சிறுநீரகத்தின் சின்ன உருவம் போல இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் தவறுவார்கள். அதன் வெளியடுக்கான புறணி கல்லீரலைப் போலவே பிரகாசமாகத் தெரிவது முதல் மாதங்களில் இயல்பு. உள்ளே இருக்கும் திசுத் துண்டுகளான பிரமிடுகள் மிகக் கறுப்பாகத் தெரியும். புதியவர்கள் இந்தப் பிரமிடுகளைக் கட்டி என்றோ விரிந்த கேலிக்ஸ் என்றோ எழுதிவிடுவது அடிக்கடி நடப்பது. கறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து பெல்விஸில் திறந்தால் அது விரிவு. வட்டமாக, சம இடைவெளியில், இணையாமல் நின்றால் பிரமிடு.

இணையாத, வெவ்வேறு அளவுள்ள பல பைகள், இடையில் நல்ல திசுவே இல்லை, நடுவில் பெல்விஸும் இல்லை என்றால் பல நீர்ப்பைகள் கொண்ட, வேலை செய்யாத சிறுநீரகமாக இருக்கலாம். அப்போது மறுபுறச் சிறுநீரகத்தின் மீது இரட்டிப்புக் கவனம் வேண்டும். குழந்தை வாழப்போவது அதை நம்பித்தான்.

புறணியின் விளிம்பில் தெரியும் மெல்லிய பள்ளங்கள் கருவில் இருந்த மடல் அமைப்பின் மிச்சமாக இருக்கலாம். பள்ளம் இரண்டு பிரமிடுகளுக்கு நடுவில் வந்தால் அது மிச்சம். பிரமிடுக்கு நேர் மேலே திசு மெலிந்திருந்தால் தழும்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சிறுநீரகம் தன் இடத்தில் இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுமுன் இடுப்புக்குள்ளும் மறுபக்கத்திலும் தேடுங்கள். அந்த இடத்தில் அட்ரினல் சுரப்பி நீட்டிப் படுத்தாற்போலத் தட்டையாகத் தெரிந்தால், சிறுநீரகம் அங்கே உருவாகவே இல்லை என்பதற்கு அது துணை. பச்சிளம் குழந்தையில் அட்ரினல் பெரிதாக இருப்பதால் அதையே சிறுநீரகம் என்று அளந்துவிடும் ஆபத்தும் உண்டு.

7. அடுத்து யாரை எங்கே அனுப்புவது

பி1, அதாவது பெல்விஸ் 10 முதல் 15 மி.மீ.க்குள், நடுக் கேலிக்ஸ் மட்டும் விரிந்தது: பெரும்பாலும் மீண்டும் அல்ட்ராசவுண்ட் போதும். பி2, விட்டம் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது ஓரக் கேலிக்ஸும் விரிந்தது, அல்லது யூரேட்டர் தெரிவது: மூன்று மாதத்துக்குள் மறு ஸ்கேன், தேவையைப் பொறுத்து அடுத்த பரிசோதனை. பி3, திசு மெலிந்தோ பிரகாசம் மாறியோ, அல்லது சிறுநீர்ப்பை இயல்பு தவறியோ இருப்பது: ஒரு மாதத்துக்குள் மறு ஸ்கேன், கூடவே எம்சியூ.

பெல்விஸ் மட்டும் விரிந்து யூரேட்டர் தெரியாவிட்டால் பெல்விஸும் யூரேட்டரும் சேரும் இடத்தில் அடைப்பைச் சந்தேகித்து ரீனோகிராம் பக்கம் போங்கள். யூரேட்டரும் விரிந்திருந்தால் முதலில் எம்சியூ. ரிஃப்ளக்ஸ் இல்லை என்று தெரிந்த பிறகே கீழ் யூரேட்டர் அடைப்புக்கு ரீனோகிராம். இந்த வரிசையை மாற்றினால், பையிலிருந்து மேலே ஏறும் சிறுநீர், ரீனோகிராமில் மருந்து வடிவதைக் காட்டும் வளைவுக் கோட்டை வடியாததுபோல் காட்டி, இல்லாத அடைப்புக்கு அறுவை சிகிச்சை வரை பேச்சு போகும்.

தொற்று வந்த குழந்தையின் கதை வேறு. முதல் காய்ச்சல் தொற்றுக்குப் பிறகு எல்லோருக்கும் எம்சியூ செய்யும் வழக்கத்தை இன்றைய வழிகாட்டல்கள் கைவிட்டுவிட்டன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இலேயே, 2 முதல் 24 மாதக் குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் கோளாறு தெரிந்தாலோ தொற்று திரும்பினாலோ எம்சியூ என்று சொன்னது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கதீட்டர் ஒரு சின்னக் குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை.

8. எம்சியூ: தயாரிப்பே பாதி வேலை

நடந்துகொண்டிருக்கும் தொற்றின் நடுவில் செய்யாதீர்கள். சிகிச்சை முடிந்து சிறுநீர் சுத்தமான பிறகு செய்யுங்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மூன்று நாள் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுத்து, இரண்டாம் நாளில் எம்சியூ செய்யும்படி சொல்கிறது. இதை முன்கூட்டியே பெற்றோரிடம் எழுதிக் கொடுங்கள். பரிசோதனை நாளன்று நினைவுபடுத்தினால் காலம் கடந்துவிடும்.

பொது மயக்கம் கொடுக்கக் கூடாது. குழந்தை தானாகச் சிறுநீர் கழிக்கும் அந்தச் சில நொடிகள்தான் பரிசோதனையே. பயத்தைக் குறைக்க விளக்கிச் சொல்லுங்கள், தாயோ தந்தையோ தலைமாட்டில் நிற்கட்டும், மரத்துப்போகச் செய்யும் ஜெல் போடுங்கள். வளர்ந்த குழந்தையிடம் என்ன செய்யப்போகிறோம் என்று நேராகச் சொல்லி, மறைப்பு வைத்து, தேவையான ஆட்கள் மட்டும் அறையில் இருக்கும்படி செய்யுங்கள்.

பச்சிளம் குழந்தைக்கு 5 பிரெஞ்ச் அளவு ஃபீடிங் டியூப் போதும். பலூன் உள்ள கதீட்டரைத் தவிருங்கள். ஊதிய பலூன் படத்தில் யூரேட்டரோசீல் போலத் தெரியும், பையின் வாயையும் அடைக்கும்.

கான்ட்ராஸ்டைச் சிரிஞ்சால் தள்ளாமல், மேசைக்கு மேல் ஒரு மீட்டருக்கு மிகாத உயரத்தில் பாட்டிலைத் தொங்கவிட்டு இறங்கவிடுங்கள். அழுத்தித் தள்ளினால் இயல்பில் இல்லாத ரிஃப்ளக்ஸை நாமே உண்டாக்கிவிடலாம். கைக்குழந்தையின் பை கொள்ளும் அளவுக்கு எடையை 7ஆல் பெருக்குங்கள்: 4 கிலோ குழந்தைக்குச் சுமார் 28 மி.லி. ஒரு வயதுக்கு மேல் வயதோடு 2 கூட்டி 30ஆல் பெருக்குங்கள்: 3 வயதுக்கு 150 மி.லி. இது மதிப்பீடுதான். கால்விரல்கள் நீள்வது, சொட்டுகள் நின்றுபோவது போன்ற, பை நிறைந்ததைக் காட்டும் அறிகுறிகளைக் கவனியுங்கள்.

படங்களுக்கும் வரிசை உண்டு. பை சிறிதே நிறைந்தபோது ஒரு படம், யூரேட்டரோசீல் அப்போதுதான் தெரியும். நிறைந்தபோது இருபுறமும். சிறுநீர் கழிக்கும்போது, ஆண் குழந்தையைச் சாய்த்து யூரித்ரா முழு நீளமும் தெரியும்படி ஒரு படம்; கதீட்டரை எடுத்த பிறகும் ஒன்று, ஏனென்றால் உள்ளே இருக்கும் குழாய் வால்வின் மடிப்பை விலக்கிப் பிடித்துவிடலாம். கடைசியில் சிறுநீரகப் பகுதியில் ஒரு படம்; ஏறிய கான்ட்ராஸ்ட் அங்கேயே தங்கியிருக்கிறதா என்று பார்க்க.

கைக்குழந்தைக்கு ஒரே சுற்றோடு நிறுத்தாதீர்கள். கதீட்டரை எடுக்காமலே இரண்டாம் முறை நிரப்பிக் கழிக்கவிட்டால், முதல் சுற்றில் தப்பிய ரிஃப்ளக்ஸ் அகப்படும். விட்டுவிட்டுப் பாயும் ஃபுளோரோஸ்கோப்பி முறையையும், கடைசியாகத் திரையில் நின்ற படத்தைச் சேமிக்கும் வசதியையும் பயன்படுத்தினால் கதிர்வீச்சு வெகுவாகக் குறையும்.

ரிஃப்ளக்ஸை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறோம். யூரேட்டரோடு நின்றால் 1. விரிவில்லாமல் பெல்விஸை எட்டினால் 2. விரிவும் வளைவும் கூடக்கூட 3, 4, 5. நிரம்பும்போது ஏறியதா, கழிக்கும்போது மட்டும் ஏறியதா, அப்போது பையில் எத்தனை மி.லி. இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

9. கதிர்வீச்சு இல்லாமல், அல்லது குறைத்து, ரிஃப்ளக்ஸ் பார்ப்பது

நுண்குமிழிக் கான்ட்ராஸ்டைப் பைக்குள் செலுத்தி அல்ட்ராசவுண்டிலேயே ரிஃப்ளக்ஸ் பார்க்கலாம். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு நுண்குமிழிக்குக் குழந்தைகளின் ரிஃப்ளக்ஸ் பரிசோதனைக்கென அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. கதீட்டர் இதற்கும் வேண்டும். கதிர்வீச்சு மட்டும் இல்லை. பயிற்சி பெற்றவர் இருந்தால் யூரித்ராவையும் பார்த்துவிட முடியும்.

கதிரியக்க மருந்தைப் பைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோகிராம் நுண்ணியது, கதிர்வீச்சும் குறைவு. ஆனால் யூரித்ராவின் அமைப்பைக் காட்டாது. ஆண் குழந்தைக்கு முதல் பரிசோதனையாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தொடர்ந்து கண்காணிக்க ஏற்றது.

10. டிஎம்எஸ்ஏ: தழும்புக்குக் காத்திருக்க வேண்டும்

டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த டிஎம்எஸ்ஏ மருந்து சிறுநீரகக் குழல்களில் ஒட்டிக்கொள்ளும். ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் கழித்துப் படம் எடுக்கிறோம். வேலை செய்யும் திசு ஒளிரும். தழும்பும் தொற்றால் வீங்கிய இடமும் மங்கித் தெரியும்.

இதில்தான் பொறி. தொற்றின்போதே எடுத்தால் மங்கிய இடம் தற்காலிக வீக்கமா, நிலையான தழும்பா என்று பிரிக்க முடியாது. நிலையான தழும்பைத் தேடுகிறீர்கள் என்றால் தொற்று முடிந்து 4 முதல் 6 மாதம் கழித்து எடுங்கள். இடையில் இன்னொரு தொற்று வந்தால் அன்றிலிருந்து எண்ணிக்கையைத் திரும்பத் தொடங்குங்கள்.

இரண்டு சிறுநீரகங்களும் வேலையைப் பங்கிடும் விகிதம் 45-55 வரை இருந்தால் இயல்பு. விகிதம் என்பது ஒப்பீடு மட்டுமே. இரண்டும் சமமாகக் கெட்டிருந்தாலும் 50-50 என்றே வரும். கிரியேட்டினினைப் பார்க்காமல் இந்த எண்ணால் ஆறுதல் அடையாதீர்கள்.

குதிரைலாட வடிவச் சிறுநீரகம், இடுப்பில் தங்கிய சிறுநீரகம் என்றால் முன்புறமிருந்தும் படம் எடுக்கும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். பின்புறப் படத்தில் மட்டும் பார்த்தால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மறைத்து, நல்ல திசுவும் குறைவாகத் தெரியும்.

11. டையூரெடிக் ரீனோகிராம்: வளைவை மட்டும் நம்பாதீர்கள்

அவசரம் இல்லை என்றால் குழந்தைக்கு 4 முதல் 6 வாரம் ஆகட்டும். அதற்கு முன் சிறுநீரகம் முதிராததால் மருந்தையும் சரியாக வாங்காது, நீர்பிரி மருந்துக்கும் சரியாக இணங்காது. அதே காரணத்தால், சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சான குளோமருலஸ் வழியே வடிகட்டப்படும் டிடிபிஏ மருந்தைவிடக் குழல்கள் வழியே சுரக்கும் எம்ஏஜி3 அல்லது இசி மருந்து கைக்குழந்தைக்கு நல்லது.

முதலில் நீர்ச்சத்து. பால் தாராளமாகக் குடிக்கட்டும், தேவைப்பட்டால் சிரை வழியே திரவமும் கொடுங்கள். வறண்ட குழந்தையில் ஃபுரோசமைடு என்ற நீர்பிரி மருந்து கொடுத்தாலும் சிறுநீர் பெருகாது. அடைப்பே இல்லாத சிறுநீரகமும் அடைத்ததுபோல் வளைவு வரையும்.

அடுத்து சிறுநீர்ப்பை. நிறைந்த பை மேலிருந்து வருவதைத் தடுக்கும். ரிஃப்ளக்ஸோ விரிந்த யூரேட்டரோ இருந்தால் கதீட்டர் போட்டு வடியவிடுங்கள்.

ஃபுரோசமைடு கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. கதிரியக்க மருந்துக்கு 15 நிமிடம் முன்போ, அதனுடன் சேர்த்தோ, 20 நிமிடம் கழித்தோ கொடுக்கலாம். எந்த முறை என்பதைவிட, அதே குழந்தைக்கு அடுத்த முறையும் அதே முறையைப் பின்பற்றுவது முக்கியம்.

20 நிமிடத்தில் வளைவு சரியாக இறங்கவில்லை என்று கண்டதும் "அடைப்பு" என்று எழுதுவது பொதுவான பிழை. பெரிதாக விரிந்த பெல்விஸ் ஒரு பெரிய தொட்டி போல. குழாய் திறந்திருந்தாலும் காலியாக நேரமாகும். ஆகவே குழந்தையைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்து, சிறுநீர் கழித்த பிறகு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இன்னொரு படம் எடுங்கள். அப்போது வடிந்துவிட்டால் முடிவே மாறும்.

பெரும்பாலும் சிகிச்சையைத் தீர்மானிப்பது வடிதலின் வேகத்தைவிட அந்தச் சிறுநீரகத்தின் வேலைப் பங்கு. அது 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த ஸ்கேன்களில் சரிந்துகொண்டே வந்தாலோ, அல்ட்ராசவுண்டில் விரிவு கூடினாலோ அறுவை மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம்.

12. எம்ஆர் யூரோகிராம்: புதிர் மிஞ்சினால்

ஆரம்பத்தில் சொன்ன, எப்போதும் ஈரமாகவே இருக்கும் சிறுமிக்கு இது பயன்படும். ஒரே சிறுநீரகம் இரு பகுதியாக, இரண்டு யூரேட்டரோடு இருக்கும் இரட்டைச் சிறுநீரகத்தில் மேல்பகுதியின் யூரேட்டர் சிறுநீர்ப்பையில் சேராமல், சிறுநீரை அடக்கும் தசைக்குக் கீழே திறந்தால் இப்படி ஓயாமல் கசியும். ஆண் குழந்தையில் அந்தத் தவறான திறப்பு அடக்கும் தசைக்கு மேலேயே அமைவதால் கசிவு வராது. மேல்பகுதி சிறுத்து, வேலையும் குறைந்திருந்தால் அல்ட்ராசவுண்டிலும் டிஎம்எஸ்ஏவிலும் கண்ணுக்குத் தப்பும். எம்ஆரில் திரவம் பளிச்சென்று தெரிவதால் குழாயை அது முடியும் இடம்வரை பின்தொடரலாம்.

அசையாமல் படுக்க வேண்டும் என்பதே தடை. முதல் சில மாதக் குழந்தைகளைப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பலமுறை முடித்துவிடலாம். அதற்கு மேல் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். அமைப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமலே செய்யலாம். சிறுநீரகத்தின் வேலை மிகவும் குறைந்த குழந்தைக்குக் கடோலினியம் தேவையா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

13. சிடி, ஐவியு

விபத்துக் காயம், கட்டி, சிக்கலான கல் தவிர, பிறவிக் கோளாறை மதிப்பிட சிடி எடுக்க வேண்டிய தேவை அரிது. சிரை வழியே கான்ட்ராஸ்ட் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஐவியுவின் இடத்தை மற்றப் பரிசோதனைகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

14. அறிக்கையும் அடுத்த தேதியும்

அறிக்கையில் எழுத வேண்டியவை: குழந்தையின் வயது, எடை, நீர்ச்சத்து எப்படி, பை நிறைந்ததா, கதீட்டர் இருந்ததா, அளவுகள் மி.மீ.யில், எந்த நிலையில் அளந்தது; முந்தைய எண்களோடு ஒப்பீடு. "முன்பைவிடச் சற்றுக் கூடியுள்ளது" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு உதவாது. "13 மி.மீ. இருந்தது, இப்போது 18 மி.மீ., இரண்டும் கழித்த பின் எடுத்தவை" என்றால் உதவும்.

படங்களைப் பெற்றோர் கையிலும் கொடுங்கள். இந்தக் குழந்தைகள் பல ஆண்டுகள், பல மருத்துவர்களிடம் போவார்கள். ஆறு வயதில் வரும் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஆறாம் வாரத்துப் படத்தில் இருக்கும்.

அடுத்த ஸ்கேனின் தேதியை அன்றே எழுதிக் கொடுங்கள். கூடவே, தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரவேண்டிய அறிகுறிகளையும்: காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, தொடர் வாந்தி, சிறுநீர் குறைவது அல்லது சொட்டுவது, வயிற்றில் கை வைத்தால் தட்டுப்படும் கட்டி, சிறுநீரில் ரத்தம். இவற்றில் ஒன்று வந்தாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, அதே நாளில் அல்ட்ராசவுண்ட்.